மும்முறை நடத்திய பாடம்

ஒரு திங்கட்கிழமை காலை, என் இணையவழி வகுப்பில் பயிலும் பெண்மணி ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். லெப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவர், முப்பத்தைந்து அகவை இருக்கலாம், கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். திருமணத்தால் பாதியில் நின்ற பட்டப்படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் மீண்டும் தொடங்கி, மற்ற எல்லாத் தாள்களிலும் தேறியவர். அமெரிக்க வரலாற்றுத் தாளில் மட்டும் ஒருமுறை தவறிவிட்டதால், அவ்வொன்றுக்காகவே என் வகுப்பில் சேர்ந்திருந்தார்.

“தொந்தரவு பண்றேன்னு நெனச்சுக்காதீங்க ஐயா. ஒரே ஒரு சந்தேகம். கூட்டமைப்பு விதிகள்லேருந்து மட்டும் ரெண்டு பெரிய கேள்வி வருமாங்க?”

“அப்படி ஏன் நினைக்கிறீர்கள் அம்மா? ஒன்று வந்தாலே மிகுதி.”

“இல்ல, நீங்க அந்தப் பாடத்த மூணு வாரமா நடத்துனீங்கள்ல. முக்கியமா இருந்தாத்தானே மூணு தடவ சொல்லுவீங்க? நாங்க எல்லாரும் அதையேதான் உருப்போட்டுக்கிட்டு இருக்கோம். மத்ததெல்லாம் விட்டாச்சு.”

“மூன்று வாரமா?”

“ஆமாங்க ஐயா. நேத்தும் அதான்.”

பார்த்துச் சொல்வதாகக் கூறி அழைப்பை முடித்தேன். முதலில் எனக்குச் சினமே வந்தது. வீட்டு வேலைக்கிடையே பாதிச் செவியோடு கேட்டுவிட்டு ஏதோ உளறுகிறார் என்று எண்ணினேன். மேசைமேல் இருந்த பாட நாட்குறிப்பைத் திறந்தேன். முதல் ஞாயிறு: கூட்டமைப்பு விதிகள். இரண்டாம் ஞாயிறு: பிலடெல்பியா மாநாடு. மூன்றாம் ஞாயிறு: ஈரவை உடன்பாடு. மூன்றுக்கும் எதிரே நடத்தி முடித்ததற்கான குறி என் கையாலேயே இடப்பட்டிருந்தது. பிலடெல்பியா மாநாட்டைப் பற்றிப் பேசியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்டுவிடக் கூடாதென்று, கொடுங்கோடையிலும் அம்மண்டபத்தின் பலகணிகளை அடைத்துவிட்டுப் பேராளர்கள் வியர்வையில் நனைந்தபடி வாதிட்டதை நான் விரித்துரைத்தேன். கேட்டவர்கள் நகைத்தார்கள். பலகணியோரம் அமர்ந்திருந்த ஒருவர் எழுந்து, வகுப்பறைக் கதவுகளையும் அடைத்துவிடலாமா என்று கேட்டார்.

பலகணியோரம் அமர்ந்திருந்த ஒருவர்.

இணையவழி வகுப்பில் பலகணி ஏது? நான் நினைவில் கண்டது வேப்பமரம் தெரியும் பலகணியும், மைக்கறை படிந்த நீண்ட பலகைகளும் கொண்ட பழைய கல்லூரி அறை. நான் பணி ஓய்வு பெற்றே பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. நாட்குறிப்பின் மேல் வைத்திருந்த என் விரல் குளிர்ந்துபோனது.

இவ்வகுப்புக்கு நான் வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். பெரம்பலூரில் தொலைநிலைக் கல்வி பயில்வோர்க்குத் துணைவகுப்பு நடத்தும் ஒரு கற்றல் நடுவம், ஞாயிறுதோறும் பத்து மணிமுதல் பன்னிரண்டு மணிவரை அமெரிக்க வரலாற்றையும் ஆட்சிமுறையையும் நடத்தித் தருமாறு என்னைக் கேட்டது. மாணவர் பன்னிருவர். எல்லாரும் குடும்பமும் பணியும் உடையவர்கள். அவர்கள் முகங்களை நான் கண்டதில்லை. அலைவரிசை போதாதென்று காட்சிக்கருவியை அணைத்தே வைத்திருப்பார்கள். கறுத்த கட்டங்கள் பன்னிரண்டைப் பார்த்து நான் பேசுவேன். இடையிடையே ஏதேனும் ஒரு கட்டத்திலிருந்து “சரிங்க ஐயா” என்று ஒரு குரல் வரும். என் சொற்களைப் பற்றி அவர்கள் தமக்குள் கேலி பேசுவதும் எனக்குத் தெரியும். ஒருமுறை ஒலிவாங்கியை அணைக்க மறந்த ஒருவர், “மூதவையாம்யா, செனட்டுக்கு! நம்ம பஞ்சாயத்துல உக்காந்திருக்கிற பெருசுங்க மாதிரில்ல இருக்கு” என்றதைக் கேட்டு நானும் சிரித்துவிட்டேன்.

குறிப்பேடு ஏதுமின்றி வகுப்பெடுப்பது என் வழக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள் வெறுங்கையோடு வகுப்பறைக்குள் நுழைந்தவன் நான். பேராயம் எனப்படும் அமெரிக்கக் காங்கிரசின் அதிகாரங்களையும் மாநிலங்களின் உரிமைகளையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லுவேன். அதில் எனக்கொரு செருக்கும் இருந்தது. மறைப்பானேன்?

வகுப்புகள் அனைத்தும் பதிவாகும். தவறவிட்டவர்கள் பின்னர்ப் பார்த்துக்கொள்ள நடுவம் அவற்றைச் சேமித்து வைத்திருந்தது. என் குரலை நானே கேட்கும் விருப்பம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அன்று முதன்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியின் முன் அமர்ந்தேன்.

முதல் பதிவில் குறையொன்றும் இல்லை. விடுதலை பெற்ற பதின்மூன்று மாநிலங்கள், வலிய நடுவரசுக்கு அஞ்சி, ஒரு தளர்ந்த கூட்டமைப்பைச் சமைத்துக்கொண்ட கதையைச் சொல்கிறேன். வரி விதிக்க அதற்கு உரிமை இல்லை. ஆட்சித் தலைவர் என ஒருவர் இல்லை. பதின்மூவரும் ஒப்பினாலன்றி ஒரு விதியையும் திருத்த வழியில்லை. பின்பு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பதின்மூன்று ஊர்களுக்கு ஒரே ஏரி. கரை உடைந்தால் எல்லார் வயலும் அழியும். ஆனால் மண்வெட்டியோடு வாருங்கள் என்று ஆணையிட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை; வேண்டுகோள் மட்டுமே விடுக்கலாம். வேண்டுகோளுக்கு ஒவ்வோர் ஊரும் ‘அடுத்த மழைக்குப் பார்க்கலாம்’ என்று மறுமொழி அனுப்புகிறது. இந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் துடைக்கிறேன். ஒரு கட்டத்திலிருந்து வெடிச்சிரிப்பு எழுகிறது. “எங்க ஊர் ஏரிய நேர்ல பாத்த மாதிரியே சொல்றீங்க ஐயா!” என்கிறார் ரெட்டிபாளையம் பக்கத்துச் சிமெண்ட் ஆலையில் பணிபுரியும் மாணவர். நாற்பதைத் தாண்டியவர். பட்டம் பெற்றால் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதற்காகப் படிக்கிறார்.

இரண்டாம் பதிவைத் திறந்தேன். “இன்று நாம் பிலடெல்பியா நகருக்குச் செல்கிறோம்” என்றுதான் தொடங்குகிறேன். அந்நகருக்கு ஏன் கூடி வந்தார்கள் என்பதை விளக்கக் கூட்டமைப்பின் குறைகளைத் தொடுகிறேன். தொட்ட இடத்திலிருந்து மீளவில்லை. வரி விதிக்க உரிமை இல்லை. ஆட்சித் தலைவர் இல்லை. பதின்மூவரும் ஒப்ப வேண்டும். பின்பு பதின்மூன்று ஊர்களுக்கு ஒரே ஏரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறேன். துண்டின் நுனி. கட்டங்கள் அமைதியாக இருக்கின்றன. எவரோ ஒருவர் இருமுகிறார்.

மூன்றாம் பதிவில் ஏரி வரும் இடம்வரை விரைந்து தள்ளிச் சென்றேன். திரையில் நான் கண்ணாடியைக் கழற்றினேன். அப்போது சிமெண்ட் ஆலை மாணவர் சிரித்தார். பெரியவர் ஒருவர் வேடிக்கையாகப் பேசும்போது சிரிக்காதிருப்பது முறையாகாது என்பதற்காகச் சிரித்த சிரிப்பு அது. அதைக் கேட்டதும் மடிக்கணினியை மூடிவிட்டேன். என் அச்சம் முழு உருவம் கொண்டது அந்தச் சிரிப்பில்தான்.

திரையில் கண்ட என் முகமும் என்னை அஞ்சவைத்தது. மூன்று பதிவுகளிலும், ஏரியின் எடுத்துக்காட்டு அந்நொடியில்தான் உள்ளத்தில் உதித்தது போன்ற மலர்ச்சி அதில் இருந்தது.

உணவு வேளையில் மனைவியிடம் கேட்டேன். “நான் சொன்னதையே திரும்பச் சொல்கிறேனா?”

சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தவில்லை. “வூட்ல இருக்கிறப்பவாவது மேடைத்தமிழ விட்டுட்டுப் பேசுங்களேன்.”

“கேட்டதற்கு விடை சொல்.”

“சொல்றீங்கதான்.”

“எத்தனை நாளாக?”

“நாளா? தீபாவளிக்கு முன்னாடிலேருந்தே சொல்றீங்க. பேப்பர்ல படிச்சத காலைல சொல்லுவீங்க, சாயங்காலம் அதையே புதுசாச் சொல்லுவீங்க. வயசான ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தானேன்னு விட்டுட்டேன். ஏன், என்னாச்சு?”

“ஒன்றுமில்லை.”

“மூஞ்சி வெளுத்துக் கெடக்கு, ஒண்ணுமில்லையாம்” என்றாள். அதற்குமேல் துருவவில்லை. அவளும் அஞ்சினாள் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

மறுநாள் அரியலூருக்குப் பேருந்தேறினேன். அங்கே என் அண்ணன் இருக்கிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் அவரைப் பற்றி ஆறாண்டுகள் ஆகின்றன. அவரைப் பார்த்துவர அவ்வப்போது செல்வதுண்டு. இம்முறை நான் சென்றது என்னை அவரோடு ஒப்பிட்டுப் பார்க்க. இதை எவரிடமும் சொல்லவில்லை.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்குந்துகள் எதிரே வந்துகொண்டிருந்தன. வழியோர முருங்கைகளின் இலைகள் அத்தூசி படிந்து வெளுத்திருந்தன. பேருந்தில் அமர்ந்தபடி எனக்கு நானே ஒரு தேர்வு வைத்துக்கொண்டேன். பதின்மூன்று மாநிலங்களையும் வடக்கிலிருந்து தெற்காகச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய வரிசை அது. பன்னிரண்டு வந்தன. மறுபடி தொடங்கினேன், பன்னிரண்டு. பெயர்களை விரல்களில் மாட்டிக்கொண்டு மூன்றாம் முறை எண்ணினேன். பதின்மூன்றாவது இருந்த இடம் பல் விழுந்த ஈறுபோல் வெறுமையாக இருந்தது. அருகில் அமர்ந்திருந்தவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

அண்ணன் கூடத்தில் சாய்நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வா தம்பி. அங்க மழ பேஞ்சுதா?”

“இல்லை அண்ணா. மேகம் வருகிறது, போகிறது.”

“கடலைக்கு ஒரு மழ வேணுமே” என்று உண்மையான கவலையோடு சொன்னார். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் ஒரு வாய் பருகிவிட்டு என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “வா தம்பி. அங்க மழ பேஞ்சுதா?”

பழகிப்போன காட்சிதான். எத்தனையோ முறை பொறுமையாக மறுமொழி கூறியிருக்கிறேன். அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மலர்ச்சியை. முந்தின நாள் திரையில் கண்டது அதே மலர்ச்சி.

அடுக்களை வாயிலில் நின்று அண்ணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். “இது எப்படித் தொடங்கிற்று அண்ணி?”

“எப்படின்னா? மொதல்ல ஒண்ணுமே தெரியல தம்பி. சொன்னதையே சொன்னாரு. ஆபீஸ் கதை ஒண்ணு வச்சிருந்தாரு, அத தெனம் சொல்லுவாரு. பசங்க சிரிக்கிற எடத்துல கரெக்டா சிரிச்சு வைப்பாங்க, பாவம்னு. அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.”

“தாம் திரும்பச் சொல்வது அவருக்குத் தெரிந்திருக்குமா?”

“அவருக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சா சொல்ல மாட்டாரே.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன தம்பி, பரீட்சைக்குக் கேக்குற மாதிரி இத்தனை கேள்வி?”

“சும்மாதான் அண்ணி” என்றேன். அந்நேரத்தில் பதின்மூன்றாவது பெயர் தானாக வந்து நின்றது: டெலவேர். புதிய அரசமைப்புக்கு முதன்முதலாக ஒப்புதல் தந்த மாநிலம். வந்ததற்காக மகிழ முடியவில்லை. எப்போது மீண்டும் போய்விடுமோ என்று, கிடைத்த பெயரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பேருந்து நிலையம் வந்து சேர்ந்தேன்.

தேர்வுக்கு இன்னும் நான்கு ஞாயிறுகள் இருந்தன. அரசமைப்பு மாநாடு, ஈரவைகள், அதிகாரப் பகிர்வு, மாநிலங்களின் ஒப்புதல், முதல் பத்துத் திருத்தங்கள் ஆகிய எல்லாமே நடத்தப்படாமல் கிடந்தன. வினாத்தாளின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வரும். நடுவத்திடம் சொல்லி விலகிக்கொள்ளலாம்; ஆனால் நான்கு வாரத்துக்காக இத்தாளை நடத்த வேறொருவர் உடனே கிடைப்பது அரிது. சொல்லாமலே தொடரலாம்; ஆனால் நான்காம் முறையும் ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டால், பன்னிருவரும் என் பொருட்டுத் தோற்பார்கள். நான் மறந்ததை அறிய எனக்கு வழியில்லை. என் தலைக்குள் ஒருவன் ‘எல்லாம் சரியாக நடக்கிறது’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் சொல்லைச் சோதித்துப் பார்க்கவும் அவனையே அனுப்ப வேண்டும்.

ஞாயிறன்று பத்து மணிக்குப் பன்னிரண்டு கட்டங்களும் தோன்றின. வணக்கம் சொன்னேன்.

“பாடம் தொடங்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டமைப்பு விதிகளை உங்களுக்கு மூன்று முறை நடத்தியிருக்கிறேன். முக்கியம் என்பதற்காக நடத்தவில்லை. முன்பே நடத்தியது எனக்கு நினைவில்லை.”

எங்கோ ஒரு வீட்டில் சமையல் அழுத்தக்கலன் சீறியது.

“நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். இனிமேலும் அது நிகழலாம். வேறோர் ஆசிரியர் வேண்டுமெனில் இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு வருத்தம் இராது.”

வருத்தம் இராது என்றது பொய். அச்சொல்லை முடிக்கும்போது என் குரல் நடுங்கியதைப் பின்னர்ப் பதிவில் கேட்டேன்.

சிமெண்ட் ஆலை மாணவர்தான் முதலில் பேசினார். ஆலையின் உணவகத்திலிருந்து பேசினார் போலும்; தட்டுகள் உருளும் ஓசை கேட்டது. “ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்கள்.”

“நான் வேல பாக்குறது சூளை ஓடுற கண்ட்ரோல் ரூம்ல. எட்டு மணி நேரம் முடிஞ்சு ஷிப்ட் மாத்துறப்ப, போறவன் நோட்டுல எழுதணும். என்ன ஓடுச்சு, எத நிறுத்துனோம், எது பாக்கின்னு. வர்றவன் அத வாய்விட்டு வாசிக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இருவது வருச சர்வீஸா இருந்தாலும் ‘எனக்கு ஞாபகம் இருக்குய்யா, எழுத வேணாம்’னு சொல்ல முடியாது. யார் ஞாபகத்தயும் நம்பி சூளைய ஓட்டக் கூடாதுன்னு ரூலுங்க.”

“அதாவது?”

“அதாவது, நாங்க எழுதுறோம். வகுப்பு ஆரம்பிக்கிறப்ப ஒருத்தர் போன வாரம் நடந்தத வாசிக்கட்டும். நடுவுல கால் மணிக்கு ஒரு தடவ, இதுவரைக்கும் என்ன ஆச்சுன்னு வாசிக்கட்டும். நீங்க அதுலேருந்து மேல போங்க.”

“அப்ப இவர் ஷிப்ட் வந்தவரு, நாமெல்லாம் போறவங்களா?” என்றது மற்றொரு குரல்.

“யோவ், ஓவர்டைம் கெடைக்குமான்னு கேளு!” என்றது இன்னொன்று. கட்டங்கள் பலவற்றிலிருந்து சிரிப்பு எழுந்தது. மரியாதைக்காகச் சிரித்த சிரிப்பாக அது எனக்குப் படவில்லை.

லெப்பைக்குடிக்காட்டுப் பெண்மணி, எழுதும் பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். “என் கையெழுத்து நல்லாருக்கும் ஐயா. அல்லா போதுமானவன், பயப்படாதீங்க.”

அன்று பிலடெல்பியாவுக்கு உண்மையாகவே சென்றோம். அங்கே கூடியிருந்தோர் துணிவு மிக்கவர்கள் என்றே பாடநூல்கள் சொல்லும். நானும் அப்படியே நடத்தி வந்தவன். அன்று என் வாயில் வேறு சொற்கள் வந்தன. அவர்கள் அஞ்சியவர்கள் என்றேன். மன்னனுக்கு அஞ்சினார்கள், கட்டுப்பாடற்ற கூட்டத்துக்கு அஞ்சினார்கள், பெரிய மாநிலத்துக்குச் சிறிய மாநிலம் அஞ்சியது, தம்முள் மிக நல்லவர் எனக் கருதியவரிடத்தும் முழு அதிகாரத்தை ஒப்படைக்க அஞ்சினார்கள். அதனால் ஒவ்வொருவர்க்கும் எதிரே அவரைத் தடுக்கவல்ல இன்னொருவரை நிறுத்தினார்கள். அடிமைப்படுத்தப்பட்டோரைக் கணக்கிடும்போது ஐவரை மூவராக எண்ணினார்கள் என்று சொன்ன இடத்தில், சிமெண்ட் ஆலை மாணவர் குறுக்கிட்டார்.

“அப்ப முழு ஆளும் இல்ல, அரை ஆளும் இல்லைங்களா? எங்க தாத்தா களத்து மேட்டுல நிக்கிறப்பவும் அரை ஆள் கூலி, முழு ஆள் கூலின்னுதான் அளந்திருக்காங்க. இவனுங்க கொஞ்சம் கூடுதலாத்தான் போட்டிருக்கானுங்க.”

அந்தக் கூலிக் கணக்கையும் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே நடத்தினேன். என் நோயை முழுவதுமாக மறந்திருந்த மணித்துளிகள் அவை.

ஆயினும் அன்று மாலை பெண்மணி அனுப்பிய குறிப்பின் படத்தைப் பார்த்தபோது பழைய குளிர் மீண்டது. அழகிய கையெழுத்து. பன்னிரண்டாம் வரியில், ‘பலகணிகளை அடைத்த செய்தி’ என்று இருந்தது. பத்தொன்பதாம் வரியில், ‘பலகணிகளை அடைத்த செய்தி (ஐயா இரண்டாம் முறை கூறினார்)’ என்று இருந்தது. உடனே அழைத்தேன்.

“எழுதியிருக்கிறீர்கள். அப்போதே ஏன் என்னைத் தடுக்கவில்லை?”

அவர் தயங்கினார். “எப்படிங்க ஐயா? பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கிறப்ப குறுக்க விழுந்து, சொன்னதையே சொல்றீங்கன்னு... எங்க வூட்ல மாமாகிட்டகூட நான் அப்படிப் பேசுனதில்ல. வாய் வர மாட்டேங்குது.”

“வாய் வராவிட்டால் நான் மீண்டும் ஏரிக்கரைக்கே போய்விடுவேன் அம்மா.”

அவர் விம்மியது போலிருந்தது. இவ்வளவு மதிப்பும் எனக்கு எதிராகவே வேலை செய்கிறதே என்று நினைத்தேன். இறுதியில் ஒரு வழி கண்டோம். வகுப்புச் செயலியில் ஐயம் கேட்க விரும்புவோர் அழுத்தும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கை எழும். நான் சொன்னதைத் திரும்பச் சொன்னால் அவர் வாய் திறக்க வேண்டாம். அதை அழுத்தினால் போதும்.

அவ்வாரத்தில் மனைவி வற்புறுத்தித் திருச்சிராப்பள்ளியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்து அவற்றைக் கேட்டார். இரண்டைச் சொன்னேன். குருதி எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். முதுமையாகவும் இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், ஆறு திங்கள் கழித்து மீண்டும் பார்ப்போம் என்றார். திரும்பும் வழியெல்லாம் மனைவி என் கையைப் பற்றியிருந்தாள். திருமணமான புதிதில்கூடப் பேருந்தில் அப்படிச் செய்தவளல்லள்.

மஞ்சள் கைக்கு நான் அஞ்சத் தொடங்கினேன். பேசிக்கொண்டிருக்கையில் கண் அந்த மூலைக்கே ஓடும். அது எழும்போது, எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். முன்பு சொன்னேனா என்று எண்ணிப் பார்த்துப் பயனில்லை. என் நினைவில் சொல்லப்படாத ஒன்று, பன்னிருவர் செவியில் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்களை நம்பியாக வேண்டும். நம்பினேன். ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்கும் படிக்கட்டில் ஒரு படி காணாமற்போனதுபோல் நெஞ்சு ஒருகணம் கீழே இறங்கும்.

கடைசி ஞாயிறு மாநிலங்களின் ஒப்புதலையும் முதல் பத்துத் திருத்தங்களையும் நடத்த வேண்டியிருந்தது. ஒன்பது மாநிலங்கள் ஒப்பினால் அரசமைப்பு நடைமுறைக்கு வரும் என்று விதித்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மஞ்சள் கை எழுந்தது. நிறுத்தினேன். அடுத்ததற்குப் போனேன். பேச்சுரிமை, சமய உரிமை, வீட்டைச் சோதனையிடுவதற்கான வரம்பு என்று சென்றுகொண்டிருக்கையில் மீண்டும் எழுந்தது. பதறி, ஒரே தாவலில் பத்தாம் திருத்தத்துக்கே போய்விட்டேன்.

“ஐயா, ஐயா! நில்லுங்க” என்று சிரித்தார் சிமெண்ட் ஆலை மாணவர். “இது என் கைங்க. நெசமாவே சந்தேகம் கேக்கத்தான் தூக்குனேன். ஒரே தாண்டா அங்க போயிட்டீங்களே!”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் ஐயத்தைத் தீர்த்துவைத்து, விட்ட திருத்தங்களையும் முடித்தேன். பன்னிரண்டு மணிக்குப் பெண்மணி அன்றைய குறிப்பை வாசித்தார். பாடத்தில் ஒன்றும் விடுபடவில்லை. தேர்வுக்கு வேண்டிய அனைத்தும் அவர்கள் கையில் இருந்தன. வாழ்த்துச் சொன்னேன். “துஆ செய்யுங்க ஐயா, எங்களுக்காக வேண்டிக்கங்க” என்றார் அவர். ஒவ்வொரு கட்டமாக மறைந்தது. அவர் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

“இன்று நீங்கள் எத்தனை முறை கை தூக்கினீர்கள்?”

“மூணு தடவைங்க ஐயா.”

“ஒன்றைத்தானே நான் பார்த்தேன்? மற்ற இரண்டும் என் கண்ணில் படவில்லையா?”

அவர் மிக மெதுவாகச் சொன்னார். “பட்டுச்சே ஐயா. மூணு தடவையும் நிறுத்தினீங்க. ‘நன்றி அம்மா’ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போனீங்க.”

நான் நிறுத்தியதும், நன்றி சொன்னதும் எனக்கு நினைவில்லை. அவருக்கு விடைகொடுத்துவிட்டுத் திரையை அணைத்தேன்.

அன்று மாலை நடுவத்துக்கு ஒரு மடல் எழுதினேன். நடத்திய பாடங்கள், இருமுறை நடத்தியவை, மும்முறை நடத்தியது ஆகிய அனைத்தையும் வரிசையாகக் குறித்து, அடுத்த பருவத்துக்கு வேறோர் ஆசிரியரை அமர்த்திக்கொள்ளுமாறு கேட்டிருந்தேன். மனைவியை அழைத்துக் கைப்பேசியை நீட்டினேன்.

“இந்த மடலை நான் முன்பே அனுப்பிவிட்டேனா, பார்.”

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அனுப்பிய மடல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லீங்க” என்றாள். “இதான் மொத தடவ.”

அனுப்பினேன்.